வேட்டைத் துப்பாக்கியும் வினைப்பொறுப்பும்

குடம் ஒன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்த நூற்பயிற்சி தொடங்கிய மாணாக்கரும் அறிந்ததொன்று. குடம் செவ்விதாயிற் புகழும், கோணிற்றாயிற் பழியும் குயவனையே சாரும். சக்கரத்தைப் புகழ்வாருமில்லை, இகழ்வாருமில்லை. இம்முறையைக் கொலைத்தொழிலிற் பொருத்தி நோக்குங்கால் ஓர் ஐயம் எழுகின்றது. கொலைக்கருவி வெறுந் துணைக்காரணமாய் மட்டும் நிற்பதோ? அன்றி, அதனைக் கைக்கொண்டான் கருத்தையும் தன்வழித் திருப்பும் இயல்பு அதற்கு உண்டோ? வில்லைப் பற்றியவன் நெஞ்சும், தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைப் பற்றியவன் நெஞ்சும் ஒரு தன்மையவோ?

இஃது ஏட்டளவில் நிற்கும் ஐயம் அன்று. அமெரிக்கா, ஜெர்மனி, நியூசிலாந்து முதலிய நாடுகளில் வேட்டையாடுவோரும், சட்டம் வகுப்போரும், நீதிபதிகளும் நூறாண்டிற்கு மேலாக இதனையே தத்தம் சொற்களால் வழக்கிட்டு வருகின்றனர். அவர்தம் வழக்கைச் சைவ நன்மக்கள் அறிந்து ஆராய்தல் பயனுடைத்து.

அற்றேல், கொல்லாமையை நோன்பாகக் கொண்டோர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு? எக்கருவியாற் செய்யினும் கொலை கொலையே. அதன்கண் வேற்றுமை நாடுதல் நஞ்சிற் சுவை நாடுதலை ஒக்கும் எனின், அற்றன்று. கொல்வான் பக்கம் நின்று நோக்குவார்க்கு அவ்வாறு தோன்றலாம். சாகின்ற உயிரின் பக்கம் நின்று நோக்கின் ஒரு நொடியில் நேர்ந்த சாவும், குடல் கிழிந்து புதரிற் கிடந்து ஓரிரவெல்லாம் துடித்து நேர்ந்த சாவும் ஒன்றாகா. அருளுடைமை என்பது பிறிதின் நோய் தன்னோய்போற் போற்றுதலாயின், நோயின் ஏற்றக்குறைவை நோக்காதிருத்தல் அருளாகாது. ஆதலின் கருவியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

தோட்டா என்பது நான்கு உறுப்புடையது. பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் மருந்தடங்கிய சிறு கிண்ணம் ஒன்று, இதனைப் பிரைமர் என்பர், கூட்டினுள் வெடிமருந்து, வாயிற் செருகிய குண்டு. பழங்காலத்துக் கருமருந்து வெடித்தால் எழும் புகை சுட்டவன் கண்ணையே மறைக்கும். கசடும் குழலிற் படியும். 1884-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுப் பால் வியேல் என்பார் புகையற்ற மருந்தைக் கண்டார். அதன் பின்னரே சிறிய குண்டு பெருவிரைவிற் செல்லுதலும், கசடின்றிப் பொறிகள் தாமே இயங்குதலும் கைகூடின. இன்றும் வேட்டைக்கு மிகுதியும் வழங்கும் தோட்டாக்களுள் ஒன்று ‘முப்பது-நாட்-சிக்ஸ்’ எனப்படுவது. முப்பது என்பது குழலின் உட்குறுக்களவு அங்குலத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு என்பதனையும், ஆறு என்பது அமெரிக்கப் படை அதனை ஏற்ற 1906-ஆம் ஆண்டினையும் குறிக்கும். போருக்கெனச் செய்தது மானுக்கு ஆயிற்று. 180 கிரெயின், அஃதாவது ஏறத்தாழப் பதினொன்றேமுக்கால் கிராம் எடையுள்ள அதன் குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்திற் குழலை விட்டு நீங்கும். அது நீங்குதற்கு முன் குழலினுள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டினை எட்டும்.

இவ்வழுத்தம் முழுதும் குண்டினை உந்துதற்கே செலவாகின்றிலது. எஞ்சியது வீணே கழிகின்றது. அங்ஙனம் கழிவதிற் சிறிது கவர்ந்து, வெறுங்கூட்டை வெளியே எறிதற்கும் அடுத்த தோட்டாவை ஏற்றுதற்கும் பயன்கொள்ளலாம் என்று கண்டதே தானேற்றுத் துப்பாக்கியின் மறைபொருள். இதனை மேனாட்டார் ‘செமி-ஆட்டோமேட்டிக்’ என்பர். வின்செஸ்டர் நிறுவனத்தின் 1905-ஆம் ஆண்டுத் துப்பாக்கி கனத்ததோர் இரும்புப் பாளத்தைப் பின்னுந்துதலால் இதனைச் செய்தது. ஜான் பிரௌனிங் என்னும் கம்மியர் பெருமான் வகுத்து 1906-இல் ரெமிங்டன் நிறுவனம் வெளியிட்ட துப்பாக்கியோ, குழலே தாழொடு பின்சென்று மீளுமாறு அமைந்தது. ஐந்து தோட்டாக்களைத் தன்னகத்தே கொண்டது. பிற்காலத்தன பெரும்பாலும் குழலில் இட்ட சிறு துளைவழியே காற்றினைக் கவர்ந்து உந்துதண்டினை இயக்குவன. 1967-ஆம் ஆண்டு முதல் வழங்கும் பிரௌனிங் வேட்டைத் துப்பாக்கி இவ்வகையது. எவ்வகையாயினும், தாழ் திறத்தலும் கூடு தெறித்தலும் புதுத்தோட்டா ஏறுதலும் தாழ் மூடுதலும் கண்ணிமைப்பொழுதில் நிகழும். தமிழிலக்கணம் மாத்திரைக்கு இமைத்தலையும் நொடித்தலையும் அளவாக வைத்தது. ஒரு குற்றெழுத்தை ஒலிக்கும் அளவில் மற்றொரு சாவு ஆயத்தமாய் நிற்கின்றது.

ஈண்டு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டே செல்லும். மற்றொன்று செல்லுதற்கு விரலைத் தளர்த்தி மீண்டும் அழுத்தல் வேண்டும். போர்க்களத்துப் பொறித்துப்பாக்கிபோல் அழுத்திய விரல் அழுத்தியபடி நிற்கப் பொழிந்துகொண்டே இருப்பதன்று. எனவே ‘பொறி சுட்டது, யான் சுட்டிலேன்’ என்று வேட்டுவன் கூறுதற்கு இடமில்லை. ஐந்து குண்டு சென்றனவாயின் ஐந்துமுறை அவன் மனம் விரலை ஏவிற்று. வினை ஐந்தும் அவனுடையனவே. துணைக்காரணத்தின்மேற் பழி ஏற்றுவாரை இவ்வமைப்பே மறுக்கும்.

அங்ஙனமாயிற் கருவி குற்றமற்றது என்று முடிக்கலாமோ? முடித்தற்குமுன் பழைய தாழ்த்துப்பாக்கியின் செயலை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். அதில் ஒருமுறை சுட்டபின் வேட்டுவன் தாழினைக் கையால் உயர்த்தி, பின்னிழுத்து, முன் தள்ளி, மீண்டும் தாழ்த்தல் வேண்டும். இந்நான்கு செயலும் பழகியவனுக்கு ஓரிரு நொடியில் முடியும். அவ்வோரிரு நொடியிற் கண் குறியை விட்டுச் சிறிது பெயர்கின்றது, மனம் மீள்கின்றது, மான் எந்நிலையில் நிற்கின்றது, அதன் பின்னே யார் நிற்கின்றார், இன்னொரு குண்டு வேண்டுமோ வேண்டாவோ என்னும் வினாக்கள் நுழைதற்கு ஒரு வாயில் திறக்கின்றது. உயிரின்கண் இச்சை எழுந்து, அறிவு அதனைத் தெளிந்து, பின்னர்ச் செயல் நிகழும் என்று ஆன்றோர் வகுத்தனர். தானேற்றுத் துப்பாக்கி இச்சையையும் விலக்கிற்றன்று, செயலையும் விலக்கிற்றன்று. இடைநின்ற அறிவுக்கு உரிய காலத்தைக் குறைத்தது. கருவி கருத்தை மாற்றும் வழி இதுவேயாம். வலிந்து மாற்றுவதில்லை, காலத்தைப் பறித்து மாற்றுகின்றது.

இதற்கு எதிர்மொழி உண்டு. அதனைக் கேளாது விடுத்தல் முறையன்று. வேட்டுவருள் நல்லோர் கூறுவது: முதற்குண்டு எத்துணைக் கவனத்தோடு விடினும் சிற்சில பொழுது தவறும். மான் ஓரடி எடுத்து வைக்கும், கிளையொன்று குறுக்கிடும், குண்டு நெஞ்சிற் படாது வயிற்றிற் படும். அவ்வாறு புண்பட்ட மான் உடனே சாகாது. புதருட் புகுந்து பல நாழிகை கிடந்து நைந்து சாகும். அந்நேரத்தில் இரண்டாங் குண்டு எத்துணை விரைந்து செல்லுமோ அத்துணை விரைவில் அதன் துன்பம் ஒழியும். தாழினை உயர்த்தித் தாழ்த்தும் அவ்விரு நொடியிற் காட்டுட் பாய்ந்து மறைந்த மான்கள் எண்ணிறந்தன. ஆதலின் தானேற்றுத் துப்பாக்கியே இரக்கத்தின் கருவி என்பது.

இக்கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின் அதனுள்ளே ஒரு முடிச்சு உளது. இரண்டாங் குண்டு விரைந்து கிடைக்கும் என்னும் துணிவே முதற்குண்டினைக் கவலையின்றி விடத் தூண்டுமாயின், எந்நோயைத் தீர்க்கவென்று மருந்து வந்ததோ அந்நோயை அம்மருந்தே விளைவித்ததாகும். ஒற்றைத் தோட்டா உடையவன் மான் பக்கவாட்டில் நிற்குமளவும் காத்திருப்பான். காத்திருந்தும் நில்லாதாயின் சுடாது திரும்புவான். ஐந்து உடையவன் ஓடும் மானையும் சுட்டுப்பார்ப்பான். எல்லாரும் இங்ஙனம் செய்வர் என்பதன்று; செய்தற்கு வாயில் உளது என்பதே. இரக்கம் என்று சொல்லப்படுவது மெய்யாகவே இரக்கமோ, அன்றித் தவற்றிற்கு முன்கூட்டி வாங்கிவைத்த மன்னிப்போ என்பதனைச் சுடுவான் ஒருவனே அறிவான். அவனினும் நன்கு அறிவது அவனுள்ளே நின்று காணும் பொருள்.

ஐரோப்பிய நாட்டார் இரு கூற்றையும் கேட்டு ஒருவகை நடுவு கண்டனர். 1979-ஆம் ஆண்டிற் பெர்ன் நகரிற் செய்துகொண்ட வனவுயிர்க் காப்பு உடன்படிக்கை, வரையறுத்த உயிர்களைக் கொல்லுதற்கும் பிடித்தற்கும் ஆகாத கருவிகளின் நிரலில், இரண்டிற்கு மேற்பட்ட தோட்டாக்களைக் கொள்ளத்தக்க பேழையையுடைய தானேற்றுத் துப்பாக்கியையும் வைத்தது. பேழையில் இரண்டு, குழலில் ஒன்று, ஆக மூன்று. இரண்டாங் குண்டின் இரக்கத்தை ஒப்புக்கொண்டு பத்தாங் குண்டின் வெறியை மறுத்த அளவு இது. அமெரிக்காவிலும் 1935-ஆம் ஆண்டு முதல் வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாவிற்கு மேல் ஏறாதவாறு அடைப்பு இடுதல் வேண்டும் என்று விதித்துள்ளனர். பென்சில்வேனியா மாநிலமோ தானேற்றுத் துப்பாக்கியை வேட்டையில் நெடுங்காலம் அறவே விலக்கியிருந்தது. 2016-இற் சட்டம் தளர்ந்து, 2017-இற் சிறுவிலங்குகளுக்கு மட்டும் இசைவளித்த வேட்டை ஆணையம், மான் முதலிய பெருவிலங்குகளுக்கு இசைவு தரவில்லை.

இவையனைத்தினும் சுவையுடையது ஜெர்மனி நாட்டு வழக்கு. அந்நாட்டு வேட்டைச் சட்டம், இரண்டிற்கு மேற்பட்ட தோட்டாக்களை ஏற்கவல்ல பேழையையுடைய தானேற்றுத் துப்பாக்கியால் விலங்கினைச் சுடலாகாது என்றது. வேட்டுவர் பலர், கழற்றி மாட்டத்தக்க பேழையுடைய துப்பாக்கியை வாங்கி, இரு தோட்டாப் பேழையை மாட்டிக்கொண்டு காடு சென்றனர். 2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாட்டின் உயர் ஆட்சிமுறை நீதிமன்றம் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. என்னை? இன்று மாட்டியது இரண்டு கொள்ளும் பேழையே ஆயினும், பத்துக் கொள்ளும் பேழையை மாட்டுதற்கும் அத்துப்பாக்கி இடந்தரும். இடந்தருதலே விலக்கிற்குப் போதும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. வேட்டுவர் பலர் வைத்திருந்த துப்பாக்கிகள் ஒரே நாளிற் குற்றமுடையன ஆயின. ஆரவாரம் எழுந்தது. அவ்வாண்டே சட்டத்தைத் திருத்தி, துப்பாக்கி எத்தனை கொள்ளவல்லது என்பதை நோக்காது, எத்தனை இட்டிருக்கின்றது என்பதையே நோக்குக, மொத்தம் மூன்றிற்கு மேற்படலாகாது என்று வகுத்தனர்.

சித்தாந்தம் பயின்றோர்க்கு இவ்வழக்கு புதியதன்று. இல்லது தோன்றாது, உள்ளது சூக்குமமாய்க் காரணத்தில் அடங்கி நின்று பின் வெளிப்படும் என்னும் சற்காரியவாதத்தை அந்நீதிபதிகள் தம்மையறியாமலே பேசினர்! பத்துத் தோட்டா இன்று இல்லையாயினும், அவற்றை ஏற்கும் வாயிலில் அவை சூக்குமமாய் உள்ளன என்பது அவர் துணிபு. சட்டத்தைத் திருத்தினோரோ வெளிப்பட்டதையே வினையெனக் கொள்க என்றனர். இருவருள் யார் சரியெனின், ஆட்சிமுறைக்குப் பின்னவரே சரி. நெஞ்சில் உள்ளதற்கும் பேழையின் வாயில் உள்ளதற்கும் அரசன் தண்டம் விதிக்கப் புகுந்தால் ஊரில் ஒருவரும் தப்பார். ஆனால் உயிரின் நிலையை ஆராய்வார்க்கு முன்னவர் சொல்லில் ஒரு மெய் உளது. சினம் மூளாதபோதும் சினத்தின் வித்து உள்ளே கிடத்தலை ஆணவ மலத்தின் இயல்பாக நூல்கள் கூறும். கைக்கு எட்டும் இடத்திற் பத்துத் தோட்டாக்கள் இருத்தலும், இல்லாதிருத்தலும் அவ்வித்திற்கு ஒன்றாகா. வித்தினை நனைக்கும் நீரைத் தொலைவில் வைத்தலும் ஒரு காப்பே.

தோட்டாவைப் பற்றியும் இவ்வாறே ஒரு முரண் உளது. அது பலர் அறியாதது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் ஆங்கில அரசினர் 1890-களில் ஒருவகைக் குண்டு செய்தனர். அதன் நுனியில் உறையில்லை. உடலிற் பட்டவுடன் ஈயம் மலர்போல் விரிந்து பெரும்புண் விளைக்கும். இதனைக் கொடுமையென்று உலகம் வெறுத்தது. 1899-ஆம் ஆண்டு ஹேக் நகரில் அரசுகள் கூடி, உடலினுள் விரியும் குண்டினைப் போரில் வழங்கலாகாது என்று உறுதி செய்தன. டம்டம் என்னும் நம் நாட்டு ஊர்ப்பெயர் உலக மொழிகளிற் கொடுமைக்கு அடைமொழியாய் நின்றது இவ்வாற்றான். வேட்டையிலோ வழக்கு முற்றும் மறுதலை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் விரியாத குண்டினால் மானைச் சுடுதல் குற்றம். விரியும் குண்டே வேண்டும் என்பது விதி. மனிதனுக்கு எது கொடுமையோ அது மானுக்கு இரக்கம் ஆயிற்று. மனிதனுக்கு எது இரக்கமோ அது மானுக்குக் கொடுமை ஆயிற்று.

இது வெறும் பொய்ம்மை எனச் சிலர் நகைக்கலாம். ஆழ்ந்து நோக்கின் இருவிதிக்கும் காரணம் உண்டு. போரிற் பகைவன் படைக்கலத்தைக் கீழேவைத்தல் போதும்; அவன் சாதல் வேண்டுவதன்று. புண்ணாறி அவன் மனைவி மக்களிடம் மீளலாம். ஆகவே சிறுபுண் போதுமாயிற்று. மானுக்கு மருத்துவன் இல்லை. உறைமூடிய குண்டு அதன் உடலைத் துளைத்து அப்பாற் செல்லின், அது பல கல் தொலைவு ஓடி, பல நாள் நலிந்து சாகும். அதனை விடுவித்தல் என்னும் எண்ணமே வேட்டுவனுக்கு இல்லாமையின், விரைவிற் சாதலே அதற்கு எஞ்சிய நன்மை. இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஒன்று தெளிவாகின்றது. குண்டின் வடிவில் நன்மையும் தீமையும் இல்லை. எதிர்நிற்கும் உயிர் பிழைத்தலை வேட்டு நிற்கின்றாரா, சாதலை வேட்டு நிற்கின்றாரா என்பதிலேயே அவை உள்ளன. விதி இயற்றினோர் இதனை அறிந்தே இயற்றினர். மானின் சாவை முன்னரே முடிவுசெய்துவிட்டு, அம்முடிவிற்குள் நின்று இரக்கம் தேடினர். அம்முடிவே வேண்டுமோ என்று கேட்பது அவர் வேலையன்று. அது சைவர் கேட்கவேண்டிய கேள்வி.

ஈயத்தின் கதை இன்னும் நீளும். மானின் உடலிற் புகுந்த ஈயக்குண்டு பொடியாய்ச் சிதறும். வேட்டுவன் இறைச்சியை எடுத்துக்கொண்டு குடலைக் காட்டில் எறிந்து செல்வான். அதனை உண்ணும் கழுகுகள் ஈய நஞ்சால் இறக்கும். கலிபோர்னியாவின் காண்டார் என்னும் பெருங்கழுகு 1982-இல் 22 என்னும் எண்ணிக்கைக்குச் சுருங்கியது. அதனை மீட்டு வளர்த்தபோதும் இறப்பிற்குப் பெருங்காரணமாய் நின்றது இவ்வீயமே. 2013-இல் இயற்றிய சட்டத்தின்படி 2019 சூலை முதல் அம்மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக்குண்டு அறவே விலக்காயிற்று. செப்புக் குண்டினை வழங்குகின்றனர். சுட்டவன் ஊர் சென்று உறங்கிய பின்னும் அவன் குண்டு காட்டிற் கொன்றுகொண்டே இருந்தது. ஒருவன் செய்த வினை அவன் காணாத இடத்தும் விளையும் என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று தேடவேண்டுவதில்லை.

இனி, தானேற்றுத் துப்பாக்கியை விலக்கிவிட்டாற் காடு பிழைக்கும் என்று கருதுவாரும் உளர். ஹார்னடே என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர் 1913-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இத்துப்பாக்கிகளைக் கடுமையாக இகழ்ந்தார். அவர் இகழ்ச்சி நேரியதே. எனினும் அவரே முன்னர்க் கணக்கெடுத்த காட்டெருமையின் கதை அவர் கூற்றிற்கு முழுத்துணை செய்யவில்லை. வட அமெரிக்கப் புல்வெளிகளிற் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகள், 1889-இல் அவர் எடுத்த கணக்கில் ஏறத்தாழ ஆயிரமே எஞ்சியிருந்தன. அவற்றைக் கொன்றொழித்தவை எவை? தானேற்றுத் துப்பாக்கிகள் அல்ல. அவை அன்று பிறக்கவேயில்லை. ஒவ்வொரு குண்டிற்கும் கையால் ஒரு தோட்டாவை இட்டுச் சுடும் ஷார்ப்ஸ் முதலிய ஒற்றைத் துப்பாக்கிகளே பெரும்பாலன. மந்தைக்குத் தலைமை தாங்கும் ஆவினை முதலிற் சுட்டு வீழ்த்தின், ஏனையவை செய்வதறியாது அதனைச் சூழ்ந்து நிற்கும். நின்றவற்றை ஒவ்வொன்றாய், ஓய்வாய், குழல் சூடேறும்போது ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்டனர். அறிவு நுழைதற்கு வேண்டிய காலம் அங்கே நிரம்ப இருந்தது, அறிவு நுழையவில்லை. தோலுக்கு வந்த விலை அவ்வாயிலை அடைத்து நின்றது. ஆதலின் காலம் மட்டும் போதாது என்பது பெறப்படும். மேலே கருவியின்மேல் ஏற்றிய குற்றத்தில் ஒரு பகுதியை ஈண்டு இறக்கிவைத்தல் நேர்மை.

வேட்டுவன் தன்னைத்தானே அடக்குதலே வேண்டுவது எனின், அதற்குச் சான்று தேடி அமெரிக்கா செல்லவேண்டுவதில்லை. சேக்கிழார் பெருமான் கண்ணப்பநாயனார் புராணத்தில் வேட்டையை விரித்துரைக்குமிடத்து, யானைக்கன்றுகளைத் தொடராமையும், சிறு குட்டிகளைக் கொல்லாமையும், கருவுற்றுத் தளர்நடையிடும் பிணைகளை வருத்தாமையும் அவ்வேடர்தம் ஒழுக்கம் என்று எடுத்தோதினார். கல்வியும் சட்டமும் அறியாத மலைவாணர்க்கு இவ்வரையறை இருந்தது. திண்ணனார் தாமும், நெடுந்தொலைவு ஓடி இளைத்து நின்ற பன்றியை எட்ட நின்று அம்பெய்யாது, அணுகிச் சென்று சுரிகையாற் குத்தி இருதுணியாக்கினார். உயிரைப் போக்குவான் அவ்வுயிரின் முகத்தை அருகே கண்டான். நானூறு முழத்திற்கு அப்பால் நின்று தொலைநோக்கி வழியே காண்பவன் காண்பது முகமன்று, குறி. ஜெர்மானிய வேட்டுவர் இன்றும் வீழ்ந்த மானின் வாயில் பசுந்தழை ஒன்றை வைத்து, அதற்குக் கடைசி உணவு என்று பெயரிட்டு, சிறிது நேரம் அமைதியாய் நிற்பர். தழையால் மான் பெறுவது ஒன்றுமில்லை. இருப்பினும் நின்ற அந்நேரம் வேட்டுவனுக்கு வீணன்று; சுடுமுன் அவன் இழந்ததைச் சுட்டபின் ஒருவாறு மீட்கின்றான் போலும்.

கருவியை அறவே விலக்கப் புகுந்த நாடும் உண்டு. நியூசிலாந்தில் 2019 மார்ச்சு 15-ஆம் நாள் கிரைஸ்ட்சர்ச்சு நகரில் ஒரு கொடியோன் தானேற்றுத் துப்பாக்கிகளோடு இரு பள்ளிவாசல்களிற் புகுந்து, தொழுகையில் இருந்த 51 பேரைக் கொன்றான். ஒரு திங்களுக்குள், ஏப்பிரல் 10-இல், அந்நாட்டு மன்றம் பெரும்பாலான தானேற்றுத் துப்பாக்கிகளை விலக்கிச் சட்டம் செய்தது. மானைக் கொல்லும் கருவியும் மனிதனைக் கொன்ற கருவியும் பொறியமைப்பில் ஒன்றாயிருந்தமையே காரணம். ஆயினும் அச்சட்டத்தில் ஒரு விலக்கு வைத்தல் இன்றியமையாதாயிற்று. அந்நாட்டில் வௌவால் தவிரத் தரைவாழ் பாலூட்டி பழமையில் இல்லை. வெள்ளையர் வேட்டைக்கென்று கொணர்ந்து விட்ட விலங்குகள் பெருகி, மலைச்செடிகளைத் தின்று அழிக்கின்றன. 1904-இல் அங்கே விடப்பட்ட இமயமலை வரையாடும் அவற்றுள் ஒன்று. அவற்றைக் குறைக்க ஹெலிகாப்டரில் நின்று சுடுவோர்க்குத் தானேற்றுத் துப்பாக்கி இசைவளிக்கப்பட்டது. பறந்தபடி ஓடும் விலங்கைச் சுடுவார்க்கு விரைவே இரக்கம் என்னும் வாதம் ஈண்டு மெய்யாகவே பொருந்துகின்றது. இமயத்துச் சரிவில் எவரையும் வருத்தாது மேய்ந்திருந்த ஆட்டினைக் கடல்கடந்து கொண்டுபோய் விட்டது வேட்டையின்பம். அதனைப் பழிக்கு ஆளாக்கிக் கொல்விப்பதும் அவ்வின்பத்தின் விளைவே. ஆடு இதிற் செய்த பிழை ஒன்றுமில்லை. செடிகளும் பிழை செய்தில. நூறாண்டிற்கு முன் செய்தார் வினையை இன்று சுடுவார் கை சுமக்கின்றது. இவ்விடத்து யாது செய்தல் அறம் என்று எளிதிற் கூறல் ஆகாது. கூறுவார் அம்மலையையும் அவ்வாட்டையும் ஒருங்கு நினைத்துக் கூறுக.

‘கடையில் இறைச்சி வாங்கி உண்பவன் கூலி கொடுத்துக் கொல்விக்கின்றான், யாம் எம் கையாற் கொன்று எம் பொறுப்பை ஏற்கின்றோம்’ என்று அமெரிக்க வேட்டுவர் சிலர் கூறுவர். இதில் உண்மை உண்டு. திருவள்ளுவர் புலான்மறுத்தலை அருளுடைமையை அடுத்து வைத்து, கொல்லாமையை வேறோர் அதிகாரமாக வகுத்தமையும், உண்பானையும் கொல்வானையும் தனித்தனியே நிறுத்தி வினவுதற்பொருட்டே எனலாம். ஆனால் ஒருவன் கடனை ஒப்புக்கொண்டமையால் கடன் தீர்ந்ததாகாது.

வேட்டையிலும் ஓர் அறம் உண்டென்று நாட்டியவர்களுள் முதல்வராக எண்ணப்படுபவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1887-இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய பூன்-கிராக்கெட் சங்கம், விலங்கிற்குத் தப்பும் வாய்ப்பு இருத்தல் வேண்டும், வாய்ப்பில்லாததைக் கொல்லுதல் இழிவு என்று விதித்தது. தானேற்றுத் துப்பாக்கியைப் பற்றிய வாதங்கள் பலவும் இக்கொள்கையின் கிளைகளே. அவர் நாட்டின் தலைவராயிருந்த 1902 நவம்பரில் மிசிசிப்பி மாநிலக் காட்டிற்குக் கரடி வேட்டைக்குச் சென்றார். நாட்கள் கழிந்தும் அவர்க்குக் கரடி ஒன்றும் அகப்பட்டிலது. ஹோல்ட் காலியர் என்னும் தேர்ந்த வழிகாட்டி, நாய்கள் வளைத்த கரடியொன்றைத் துப்பாக்கியால் அடித்து மயக்கி, மரத்தொடு பிணித்து வைத்து, தலைவர்க்கு ஆள் அனுப்பினார். வந்து கண்ட ரூஸ்வெல்ட், கட்டுண்ட உயிரைச் சுடுதல் தமக்குத் தகாது என்று மறுத்துவிட்டார். இச்செய்தி நாடெங்கும் பரவியது, சித்திரக்காரர் எழுதினர், அவர் பெயராற் செய்த துணிக்கரடிப் பொம்மை இன்றும் உலகெங்கும் குழந்தைகள் கையில் உள்ளது.

செய்தியின் எஞ்சிய பகுதியைப் பொம்மை விற்போர் சொல்வதில்லை. அக்கரடி நாய்களாலும் அடியாலும் மிகப் புண்பட்டிருந்தது. அதனை அவிழ்த்துவிட்டாற் பிழையாது. சுட மறுத்த தலைவர், அதன் துன்பத்தை முடித்துவிடுமாறு கட்டளையிட்டு அகன்றார். கத்தியால் முடித்தனர்.